ஒதுக்கிய மூன்று படங்கள்

பதினாறு நாட்களில் அன்றுதான் மெர்சி தலை வாரிப் பின்னியிருந்தாள். அவள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே விஜயகுமாரி அதைக் கவனித்துவிட்டாள்.

போன வாரம் வேலூரில் விஜயகுமாரியின் துப்பறியும் அலுவலகத்துக்கு வந்த மெர்சி வேறு ஆள். கணவன் இளம்பரிதியைக் காணவில்லை என்று சொல்லி முடிக்கவே அந்தப் பள்ளிக்கூட டீச்சருக்கு அரை மணி நேரம் ஆனது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். முப்பத்தெட்டு வயது. குடி கிடையாது, சண்டை சச்சரவு கிடையாது. ஒரே ஒரு பித்து உண்டு, வானத்தைப் படம் எடுப்பது. மாதாமாதம் அமாவாசையை ஒட்டி ஜவ்வாது மலைக்கு பைக்கில் போவான். இரவு முழுக்க ஒரு பாறை மேல் கேமராவோடு உட்கார்ந்திருந்துவிட்டு, காலையில் கண் சிவக்க வந்து நிற்பான். தை அமாவாசை அன்றும் அப்படித்தான் போனான். திரும்பி வரவில்லை. மலைக்கிராமம் ஒன்றின் கடைசித் தெருவில் பைக் மட்டும் நின்றது. கேமராவும் இல்லை, ஸ்டாண்டும் இல்லை, ஆளும் இல்லை.

"அவரு உயிரோட இருக்காரு மேடம்," என்றாள் மெர்சி. சொல்லிவிட்டு ஒரு பெரிய படத்தை எடுத்து மேசை மேல் விரித்தாள்.

கரும் வானம். நடுவில் வரிசையாக மூன்று நட்சத்திரங்கள். அவற்றைச் சுற்றி வளைந்து போகும் ஒரு செந்நிறப் புகை, பாதி வட்டமாக. ஓரியன், வேட்டைக்காரன் உருவத்தில் நிற்கும் நட்சத்திரக் கூட்டம் என்று மெர்சி சொன்னாள். தைப்பூசத்தன்று சாயங்காலம் இளம்பரிதியின் இணையப் பக்கத்தில் இந்தப் படம் வந்திருக்கிறது. அவனுடைய வழக்கப்படி கீழே ஒரு வரி: 'ஜவ்வாது மலை, ஜனவரி 30. 38 படங்கள், ஒவ்வொன்றும் மூன்று நிமிடம்.' காணாமல் போனது ஜனவரி பதினெட்டு. படம் எடுத்தது முப்பது. ஆக, முப்பதாம் தேதி வரைக்கும் மலையில் எங்கேயோ நன்றாகத்தான் இருந்திருக்கிறான். ஸ்டேஷனிலும் அதையே சொல்லி, விருப்பப்பட்டுப் போனவரைத் தேட முடியாது என்று கோப்பை மூடிவிட்டார்கள். அவனுக்கு வேறு குடும்பம் இருந்தாலும் பரவாயில்லை, எங்கே இருக்கிறான் என்று மட்டும் கண்டுபிடித்துக் கொடுத்தால் போதும் என்றாள் மெர்சி.

விஜயகுமாரிக்கு ஐம்பத்தொரு வயது. துப்பறிய வருவதற்கு முன் பத்தொன்பது வருடம் இன்சூரன்ஸ் கிளெய்ம்களை விசாரித்தவள். நல்ல செய்தி எதுவும் தானாக வீடு தேடி வராது என்பது அந்த வேலை கற்றுக்கொடுத்த பாடம். அவள் படத்தைத் தொடாமல், உதவியாளன் கவுஸ் பாஷாவைப் பார்த்தாள்.

கவுஸ் பாஷா பதினெட்டு வருடம் டேனரியில் தோலைத் தரம் பிரித்தவன். ஒரு தோலைப் புரட்டினால் மூன்று நொடியில் முதல் தரமா, மூன்றாம் தரமா என்று சொல்லிவிடுவான். டேனரி மூடிய பிறகு அந்தக் கண்ணையும், ஓயாத வாயையும், ஒரு பழைய காரையும் எடுத்துக்கொண்டு விஜயகுமாரியிடம் வந்து சேர்ந்தான். இப்போது படத்தைச் சன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிச் சாய்த்துப் பார்த்தான்.

"செகண்ட் கிரேடு மேடம்," என்றான். "இங்க பாருங்க, ஒரு வட்டம். இங்க ஒண்ணு. ஓரத்துல ரெண்டு. உண்ணி கடிச்ச மாட்டுத் தோல்ல இப்டித்தான் வரும். மாடு செத்து, தோலு ஊறி, சாயம் ஏறினாக்கூட அது போவாது."

செத்து என்ற சொல்லுக்கு விஜயகுமாரி அவனை முறைத்தாள். அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். ஆனால் வட்டங்கள் இருந்தன. மங்கலாக, நடுவில் ஓட்டையோடு, சின்னச் சின்ன வளையங்களாக. சுவரில் இளம்பரிதி எடுத்த ஏழு பழைய படங்கள் மாட்டியிருந்தன. இருவரும் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தார்கள். எதிலும் வளையம் இல்லை.

அது தூசி என்று மெர்சி விளக்கினாள். கேமராவுக்குள் ஒட்டியிருக்கும் தூசி படத்தில் வளையமாக விழும். அதை எடுக்க அவனிடம் ஒரு வழி இருந்தது. விடியும் நேரத்தில், எல்லாம் முடிந்த பிறகு, லென்ஸ் மேல் ஒரு வெள்ளை பனியனை இழுத்துக் கட்டி, வெளுக்கும் வானத்தைப் பார்த்து இருபது படம் எடுப்பான். அதில் வெறும் தூசி மட்டும் தெரியும். அப்புறம் கம்ப்யூட்டரில் நல்ல படத்திலிருந்து அதைக் கழித்துவிட்டால் வளையம் போய்விடும். அதற்கென்றே ஒரு பனியனைத் தனியாகத் துவைத்து வைக்கச் சொல்லுவான்.

"எப்பவாவது மறந்ததுண்டா?" என்று விஜயகுமாரி கேட்டாள்.

"இந்த ஆறு வருஷத்துல இல்ல மேடம்." மெர்சி படத்தையே பார்த்தாள். "இப்ப மறந்திருப்பாரு. மனசு சரியில்லாம இருந்திருக்கும்."

எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டுச் சரிசெய்வது யார் என்று விஜயகுமாரி கேட்டாள். தன் அண்ணன் இன்பராஜ்தான் என்றாள் மெர்சி. பஜாரில் ஸ்டூடியோ வைத்திருக்கிறான். இவர் எடுத்து வருவார், அவன் செய்து கொடுப்பான். இந்தப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொடுத்ததும் அவன்தான். பதினாறு நாளாகத் தினமும் வீட்டுக்கு வந்து, சோறு ஊட்டாத குறையாகத் தங்கையைச் சாப்பிட வைத்து, சர்ச்சில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். போலீஸ் தேடியபோது கூடவே மலை ஏறியவனும் அவன்தான்.

அவனைப் பார்த்து, இப்படிப்பட்ட படம் எப்படி உருவாகிறது என்று கேட்டுக்கொண்டு வருகிறோம் என்று சொல்லி இருவரும் கிளம்பினார்கள். எது தெரிந்தாலும் முதலில் தன்னிடம்தான் சொல்ல வேண்டும் என்று மெர்சி வாசல்வரை வந்து கேட்டுக்கொண்டாள். விஜயகுமாரி சம்மதித்தாள்.

பஜார் முனையில் கவுஸ் பாஷா டீக்காகக் காரை நிறுத்தினான். பொழுது பதினொன்றைத் தாண்டியிருந்தது. டீ மாஸ்டரின் தலைக்குப் பின்னால் மாதக் காலண்டர் தொங்கியது. கிளாஸை வாயருகே கொண்டுபோன விஜயகுமாரி அப்படியே நின்றாள்.

"கவுஸு, தைப்பூசம்னா இன்னா?"

"பழனிக்கு பஸ்ல எடம் கிடைக்காத நாள்."

"பௌர்ணமி."

"எனக்கு வருஷத்துக்கு ரெண்டு பிறைதான் மேடம் கணக்கு. முழு நிலா உங்க டிபார்ட்மெண்ட்."

அவள் கிளாஸை வைத்துவிட்டுக் காலண்டரின் கட்டத்தில் விரல் வைத்தாள். பிப்ரவரி ஒன்று, பூசம், பௌர்ணமி. ஜனவரித் தாளைத் தூக்கிப் பார்த்தாள். முப்பதாம் தேதிக் கட்டத்தில் பொடி எழுத்தில் திருவாதிரை என்று போட்டிருந்தது. அன்றைக்கு நிலா திருவாதிரையில் இருந்தது என்று அர்த்தம். திருவாதிரை எங்கே இருக்கிறது என்று அவள் கவுஸைக் கேட்டாள். அவன் வழக்கம்போல் ஏதோ சொல்ல வாயெடுத்தான், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

மெர்சியின் வீட்டுச் சுவரில் அதே ஓரியனின் பழைய படம் ஒன்று இருந்தது. அதில் ஒவ்வொரு நட்சத்திரத்தின் பக்கத்திலும் இளம்பரிதி தமிழ்ப் பெயரைச் சின்னதாக எழுதி வைத்திருந்தான். தோள்பட்டையில் பளிச்சென்று இருந்த சிவந்த நட்சத்திரம்தான் திருவாதிரை. ஜனவரி முப்பது இரவு முக்கால்வாசிக்கு மேல் வளர்ந்த நிலா ஓரியனின் தோளோடு ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. அந்த வெளிச்சத்தில் மங்கலான புகையை யாரும் எடுக்க முடியாது. நிலாவைத்தான் எடுக்க முடியும்.

"அப்போ இது அமாவாசை ராத்திரி எடுத்தது," என்றான் கவுஸ் பாஷா மெதுவாக. "விடியக்காலைல பனியன் கட்டறதுக்கு ஆளு இல்ல."

விஜயகுமாரி தலையாட்டினாள். இன்னொன்றும் அவளுக்குத் தோன்றியது. மாதாமாதம் அமாவாசைக்குக் காத்திருந்து மலை ஏறுகிறவன் இப்படி ஒரு தேதியைப் போடவே மாட்டான். போட்டவனுக்குக் கேமராவில் இருக்கும் வானம் தெரியும், தலைக்கு மேல் இருக்கும் வானம் தெரியாது. நாற்காலியில் உட்கார்ந்து நட்சத்திரம் பார்க்கிறவன்.

டீக்கடையிலிருந்து ஸ்டூடியோ நாற்பது அடி தூரம்தான். அவ்வளவு தூரம் நடக்க இருவருக்கும் நேரம் பிடித்தது. அந்த எண்ணம் தப்பாக இருந்துவிட்டால் தேவலை என்று விஜயகுமாரி நினைத்தாள். மெர்சிக்கு அம்மா அப்பா இல்லை. இந்த அண்ணன் ஒருவன்தான்.

இன்பராஜுக்கு நாற்பத்து மூன்று வயது. பாதி நரைத்த தாடி, சிவந்த கண்கள். பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்தவர்களை அனுப்பிவிட்டு, உள்ளறையில் பெரிய திரைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்தான். தங்கச்சி சாப்பிட்டாளா என்றுதான் முதலில் கேட்டான்.

விஜயகுமாரி அவனிடம் படத்தைப் பற்றிக் கேட்டாள். வளையத்தைப் பற்றியோ நிலாவைப் பற்றியோ எதுவும் சொல்லவில்லை. மெர்சி போனில் காட்டியபோதுதான் தானும் அதை முதலில் பார்த்ததாக இன்பராஜ் சொன்னான். யாரோ புதுசாகச் செய்து கொடுத்திருக்கிறார்கள், நன்றாகத்தான் வந்திருக்கிறது என்றான். ஒரு சாதாரண ஆளுக்குப் புரிகிற மாதிரி சொல்லச் சொன்னதும், அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது. இரண்டு வாரமாக யாரும் அவனிடம் வேலையைப் பற்றிப் பேசியிருக்க மாட்டார்கள்.

"மேடம், கேமராலேர்ந்து வர்றது இந்தக் கலர்லாம் கிடையாது. வெறும் இருட்டு. பாத்தீங்கன்னா ஒண்ணுமே எடுக்கலன்னு தூக்கிப் போட்டுருவீங்க."

பழைய கோப்பு ஒன்றைத் திறந்து காட்டினான். சாம்பல் கலந்த கறுப்பு. அங்கங்கே ஒரு புள்ளி. பூமி சுற்றுவதால் நட்சத்திரங்கள் நகர்ந்துகொண்டே இருக்கும், அதனால் கேமராவை ஒரு மோட்டார் ஸ்டாண்டில் வைப்பார்கள், அது நட்சத்திரத்தோடு சேர்ந்து மெதுவாகத் திரும்பும் என்றான். மூன்று நிமிடம் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு அது வெளிச்சத்தைச் சேர்க்கும். நம் கண்ணால் அப்படிச் சேர்க்க முடியாது. நம் கண் அந்தந்த நொடியை அப்போதே விட்டுவிடும். ஒரு படத்தில் நிஜமான வெளிச்சமும் இருக்கும், கேமராவின் சொந்தக் குப்பையும் இருக்கும். குப்பை ஒவ்வொரு படத்திலும் இடம் மாறும், நட்சத்திரம் மாறாது. அதனால் எல்லாப் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, எல்லாவற்றிலும் இருப்பதை வைத்துக்கொண்டு, ஒன்றில் மட்டும் இருப்பதைக் கம்ப்யூட்டர் கழித்துவிடும்.

"அப்போ நடுவுல ஒரு பிளேன் போனா?" என்றாள் விஜயகுமாரி.

"போவும். கடைசிப் படத்துல இருக்காது. சாட்டிலைட்டு, பிளேனு, மின்மினி, எது நவுந்தாலும் இருக்காது. நவுராம நிக்கறது மட்டும்தான் மேடம் நிக்கும்." அவன் விரல்கள் தாமாகவே விசைகளில் ஓடின. "அதுக்கப்புறம்தான் இருட்டை மேல தூக்கறது. கறுப்புக்கும் கறுப்புக்கும் நடுவுல ஒளிஞ்சிருக்கறத இழுத்து வெளிய கொண்டாரணும். அதுல ஜாஸ்தி போனா பொய்யாய்டும், கம்மி போனா ஒண்ணும் தெரியாது. அது இன்னமோ கைப்பழக்கம்."

"கழிக்கற மாதிரி படமே முழுசா கெட்டுப் போவுமா? அந்த மாதிரி எத்தினி போவும்?"

"கம்மிதான். மேகம் வந்தா, காத்து அடிச்சா. இந்த ஓரியன் படத்துலயே பாருங்க, நாப்பத்தொண்ணுல மூணுதான் போச்சி."

கவுஸ் பாஷா எழுந்து போய்க் கதவோரமாக நின்றுகொண்டான்.

"கீழ முப்பத்தெட்டுன்னு மட்டும்தான் போட்டிருக்கு இன்பராஜ்," என்றாள் விஜயகுமாரி. "நாப்பத்தொண்ணு எடுத்ததுன்னு கேமராவுல இருந்த கார்டைப் பாத்தவங்களுக்குத்தான் தெரியும்."

அவன் மறுக்கப் போகிறான் என்று அவள் எதிர்பார்த்தாள். இன்சூரன்ஸில் பார்த்த எல்லோரும் முதலில் மறுத்தவர்கள்தான். இன்பராஜ் மறுக்கவில்லை. கைகளை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். அப்புறம், யாரோ கேட்கட்டும் என்று காத்திருந்தவனைப் போல ஆரம்பித்தான்.

ஆறு வருடமாக இளம்பரிதி எடுத்து வந்த ஒவ்வொரு இருட்டையும் படமாக்கியவன் அவன்தான். ஒரு படத்துக்கு மூன்று நாள், நான்கு நாள் ஆகும். கல்யாண ஆல்பம் வேலைகளை ஒதுக்கி வைத்துவிட்டுச் செய்தான். போன மார்கழியில் வெளிநாட்டுப் போட்டி ஒன்றில் ஒரு படத்துக்குப் பரிசு கிடைத்தது. இளம்பரிதியின் பெயர் மட்டும் வந்தது. உள்ளூர் சேனல் ஒன்று வீட்டுக்கு வந்து பேட்டி எடுத்தது. அதிலும் இன்பராஜின் பெயரை அவன் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, மறந்துவிட்டது என்றான். நீ ஒரு தடவை மலைக்கு வா, அங்கே உட்கார்ந்து பார், அப்புறம் யாருடைய படம் என்று பேசலாம் என்றும் சொன்னான்.

தை அமாவாசை அன்று இன்பராஜ் முதல் தடவையாகப் போனான். தங்கையிடம்கூடச் சொல்லாமல் தன் பைக்கில் தனியாகப் போனான். போய்ப் பார்த்தபோது கோபமெல்லாம் போய்விட்டது என்றான். அத்தனை நட்சத்திரத்தை அவன் வாழ்நாளில் பார்த்ததில்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருவரும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு பேச ஆரம்பித்தார்கள். காலடி அதிர்ந்தால் படம் கெட்டுவிடும் என்று இளம்பரிதி கேமராவை விட்டுத் தள்ளி, மேற்கே எதிர்ப்பாறைக்கு அழைத்துப்போனான். அவன் நெற்றியில் சிவப்பு விளக்குக் கட்டியிருந்தான். இன்பராஜ் கையில் போன் வெளிச்சம்.

"அடுத்த படத்துல ரெண்டு பேர் பேரும் போடலாம்னு கேட்டேன். சிரிச்சான். டைலர் பேரை யாராவது சட்டைல எழுதுவாங்களான்னான்." இன்பராஜ் சற்று நிறுத்தினான். "நெஞ்சுல கை வச்சித் தள்ளினேன் மேடம். ஒரே ஒரு தடவை. அவன் பின்னால பாறை இருக்குன்னுதான் நெனச்சேன்."

பாறை இல்லை, பள்ளம் இருந்தது. எவ்வளவு ஆழம் என்று தெரியவில்லை. இன்பராஜ் கூப்பிட்டுப் பார்த்தான். போன் வெளிச்சத்தைக் கீழே அடித்துப் பார்த்தான். சத்தமும் இல்லை, அந்தச் சிவப்பு விளக்கும் கண்ணில் படவில்லை. போனில் சிக்னலும் இல்லை. விழுந்த உடனே உயிர் போய்விட்டது என்றுதான் நினைத்தான். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, திரும்பி வந்து, கேமராவையும் ஸ்டாண்டையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டான். கேமரா இல்லையென்றால் மாப்ள எங்கேயோ கிளம்பிப் போய்விட்டதாக நினைப்பார்கள் என்று தோன்றியது. போலீஸோடு மலை ஏறியபோதும் அவன்தான் முன்னால் நடந்தான். கிழக்குப் பக்கமாகக் கூட்டிப்போனான்.

இரண்டு நாள் கழித்துக் கார்டைத் திறந்தான். திறக்காமல் இருக்க முடியவில்லை. ஆறு வருடத்தில் இப்படி ஒரு தெளிவான வானம் வந்ததில்லை. அடுக்கினான், இருட்டைத் தூக்கினான். அங்கே மெர்சி ஒரு வாய்ச் சோறு இறங்காமல் படுத்திருந்தாள். இதைப் பார்த்தால் எழுந்து உட்காருவாள் என்று நினைத்து, தேதியை மாற்றிப் போட்டான். இளம்பரிதியின் பாஸ்வேர்டு எப்போதும் அவனிடம்தான் இருந்தது.

"அந்த மூணு படம்?" என்று விஜயகுமாரி கேட்டாள்.

கெட்டுப் போன படங்களைக் கம்ப்யூட்டர் தானாகவே ஒரு தனி இடத்தில் ஒதுக்கி வைக்கும். அதை அழிக்க அவன் எத்தனையோ முறை கையைக் கொண்டுபோயிருக்கிறான். அவன் அதைத் திறந்தான்.

விடியற்காலையில் ஓரியன் மேற்கே இறங்குகிறது. நட்சத்திரம் இறங்க இறங்க, மோட்டார் ஸ்டாண்டில் இருந்த கேமராவும் கூடவே இறங்கியிருக்கிறது. முப்பத்தெட்டுப் படம் வரைக்கும் வெறும் வானம். முப்பத்தொன்பதில் படத்தின் அடியில் கறுப்பாக எதிர்ப்பாறை எட்டிப் பார்த்தது. பாறை விளிம்பில் ஒரு வெள்ளைக் கோடும் ஒரு சிவப்புக் கோடும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. பிறகு சிவப்புக் கோடு மட்டும் நேராகக் கீழே போனது.

விஜயகுமாரி கண்ணை எடுக்கவில்லை. கவுஸ் பாஷா எடுத்துவிட்டான்.

நாற்பதாவது படத்தை இன்பராஜ் இருட்டிலிருந்து தூக்கினான். பள்ளத்துக்குள், எந்தக் கண்ணுக்கும் தெரிந்திருக்க முடியாத மங்கலில், ஒரு சிவப்பு நூல் கிடந்தது. வளைந்து, ஒரு இடத்தில் நின்று, மறுபடியும் வளைந்து. மேலே பாறை விளிம்பில் வெள்ளை வெளிச்சம் ஒரே இடத்தில் நின்றிருந்தது.

"என் கைல இருந்த வெளிச்சமே என் கண்ணை மறைச்சிட்டுது மேடம்," என்றான் இன்பராஜ். "கேமராக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியல. வீட்டுக்கு வந்து இதைத் தூக்கிப் பாத்தப்போதான் தெரியும், அவன் உயிரோட இருந்தான்னு. இந்த ஒரு மூணு நிமிஷம் நவுந்திருக்கான். அடுத்ததுல அடங்கிட்டான்."

நாற்பத்தொன்றைக் காட்டினான். மேலே வெள்ளை வெளிச்சம் இன்னும் அதே இடத்தில் இருந்தது. சிவப்பு வெளிச்சம் சின்னக் கோடாக, அசைவில்லாமல் கிடந்தது போலத்தான் தெரிந்தது.

கவுஸ் பாஷா வெளியே போய் இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்தான். மலைப்பக்கத்தில் ஏதோ பந்தோபஸ்து, வர முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். விஜயகுமாரி மெர்சிக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். போலீஸ் வாயிலிருந்தோ தெரு வாயிலிருந்தோ அந்தச் செய்தி அவளுக்குப் போகக் கூடாது. போன் போட்டு, இரண்டே வரியில் சொன்னாள். மறுமுனையில் அழுகை வரவில்லை. எங்கே இருக்கிறீர்கள் என்ற கேள்விதான் வந்தது.

பத்து நிமிடத்தில் மெர்சி நடந்தே வந்துவிட்டாள். பின்னல் அப்படியே இருந்தது. அண்ணனைத் திரும்பிப் பார்க்காமல் திரைக்கு முன்னால் போய் நின்று, அந்தப் படங்களைக் காட்டச் சொன்னாள். வேண்டாம் என்று விஜயகுமாரி தடுத்துப் பார்த்தாள்.

"நாளைக்குக் கோர்ட்ல முன்னப் பின்னத் தெரியாதவங்க எல்லாரும் பாக்கப் போறாங்க இல்ல? ரெண்டு பேரும் எங்க வீட்டு ஆளுங்க மேடம். நான் பாக்கறேன்."

இன்பராஜ் எழுந்து நாற்காலியைத் தங்கைக்கு விட்டான். அவள் உட்கார்ந்தாள். முப்பத்தொன்பதை ஒரு தடவைதான் பார்த்தாள். நாற்பதில் வெகுநேரம் இருந்தாள். சிவப்பு நூலின் ஒவ்வொரு வளைவுக்கும் விரலை நகர்த்தி, இது எவ்வளவு நேரம் என்று கேட்டாள். மூன்று நிமிடம் என்றாள் விஜயகுமாரி. நாற்பத்தொன்றுக்குப் போனபோது, இதில் அடங்கிவிட்டதாக அண்ணன் சொன்னதையும் சொன்னாள். அப்படிச் சொன்னால் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தாள்.

மெர்சி கணக்கு டீச்சர். வெள்ளை வெளிச்சம் நின்ற இடத்திலேயே நின்றதுதானே, அது ஏன் புள்ளியாக இல்லாமல் கோடாக இருக்கிறது என்று கேட்டாள். கேமரா நட்சத்திரத்தோடு திரும்புவதால், அசையாத வெளிச்சமும் சாய்ந்த கோடாகத்தான் விழும் என்று பின்னாலிருந்து இன்பராஜ் சொன்னான். சொல்லி முடிக்கும் முன்பே அவன் குரல் இறங்கிவிட்டது.

அவள் மேசையில் கிடந்த ஒரு காகிதத்தை எடுத்து வெள்ளைக் கோட்டின் மேல் வைத்தாள். நீளத்துக்கு நகத்தால் ஒரு கீறல் போட்டாள். அதைக் கொண்டுபோய்ச் சிவப்புக் கோட்டின் மேல் வைத்தாள். சிவப்பு கீறலைத் தாண்டிப் போனது. அதிகம் இல்லை, ஒரு நெல் நீளம். சாய்வும் வேறு பக்கமாக இருந்தது, பாறையைப் பார்த்து, மேலே.

"இதுலயும் ஏறினு இருக்காரு," என்றாள்.

பதினெட்டு வருடம் தோலில் மயிரளவு வித்தியாசத்தைக் கண்டுபிடித்துப் பழகிய கவுஸ் பாஷா குனிந்து ஒரு முறை பார்த்தான். இல்லை என்று சொல்ல அவனால் முடியவில்லை.

மெர்சி அடுத்த படத்துக்கான விசையைத் தட்டினாள். திரை மாறவில்லை. இன்னொரு முறை தட்டினாள்.

"இதுக்கு அடுத்தது எங்க அண்ணா?"

வந்ததிலிருந்து அவனிடம் அவள் பேசியது அதுதான். இன்பராஜ் சுவரில் சாய்ந்து நின்றான்.

"இல்ல மெர்சி. அதோட நான் வந்து கேமராவை ஆஃப் பண்ணிட்டேன்."

வெளியே ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. பஜார் கூடுவதற்குள் கவுஸ் பாஷா போய் ஷட்டரைப் பாதி இறக்கினான். விஜயகுமாரி மெர்சியின் தோளில் கை வைத்தாள். மெர்சி விசையை மறுபடியும் தட்டிக்கொண்டிருந்தாள்.